அப்பாவுக்கு அவசரம், பையனுக்கு இழுவை: ஒரே படம்தான்

குடமுருட்டி | ஞாயிறு, இரவு 9.40

நேத்து அப்பாவையும் பையனையும் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு புதுப் படம் பார்த்தேன். பேரு வேணாம், ரசிகர்கள் வந்து இழையையே கொளுத்திடுவாங்க. அப்பாவுக்கு 78, பையன் ஒன்பதாவது. இடைவேளையில அப்பா மெதுவா கேட்டார்: "ஏம்ப்பா, ஒரு மூஞ்சியையாவது முழுசா பார்க்க விடுறானா அவன்? அதுக்குள்ள வேற ஆளைக் காட்டிடுறான்." அந்தப் பக்கத்துலேர்ந்து பையன், "செம லேக்ப்பா, இன்னும் கதைக்கே வரல"ங்கறான். ஒரே படம், ஒரே வரிசை, நடுவுல நான்.

இன்னிக்கு மத்தியானம் அப்பா சாப்பிட்டு உட்கார்ந்து பார்க்கட்டுமேன்னு டிவியில தில்லானா மோகனாம்பாள் வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பார்த்தா பையன் அதை ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டிட்டிருக்கான். நாயனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி இருக்கு. அப்பா ஒண்ணும் சொல்லல. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுத் திண்ணைக்குப் போயிட்டார்.

படத்தோட ஓட்டம் எப்ப மாறுச்சு, எதனால மாறுச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. பழசுதான் உசத்தி, புதுசுதான் உசத்திங்கற சண்டை வேணாம். அதுக்கு ஏற்கெனவே நாலு இழை ஓடுது.

வெட்டாறு | ஞாயிறு, இரவு 10.20

இதை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் ஓடும் துண்டுதான் ஷாட். ஒரு படத்தின் மொத்த நேரத்தை அதிலுள்ள ஷாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஷாட் சராசரியாக எத்தனை நொடி நிற்கிறது என்று வந்துவிடும். பாரி சால்ட் என்ற சினிமா ஆய்வாளர் 1970களிலேயே இப்படி எண்ணத் தொடங்கினார். பிறகு டேவிட் போர்ட்வெல் என்ற இன்னொரு ஆய்வாளர் கொடுத்த கணக்கு: 1930 முதல் 1960 வரை ஹாலிவுட் படங்களில் பெரும்பாலும் 8 முதல் 11 நொடி. 1990களின் கடைசியில் 3 முதல் 6 நொடி. சண்டைப் படங்களில் அதற்கும் கீழே.

இது ஹாலிவுட் கணக்கு, நம் படங்களுக்கு அப்படியே ஒட்டாது. போன மாதம் ஒரு பழைய குடும்பப் படத்தையும் ஒரு புதுப் படத்தையும் வைத்துக்கொண்டு நானே எண்ண உட்கார்ந்தேன். பழையதில் நோட்டில் கோடு போட்டு எண்ணி முடித்தேன். புதியதில் முதல் சண்டையிலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

என் முடிவு எளிது. டிவி வந்தது, கையில் ரிமோட் வந்தது, பிறகு போன் வந்தது. ஒரு இடத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கவனிக்கும் பழக்கம் போய்விட்டது. நெட்ஃபிளிக்ஸே 2020-ல் வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் வசதியைக் கொடுத்துவிட்டது. உங்கள் பையன்மேல் தப்பில்லை.

டிகிரிகாப்பி | ஞாயிறு, இரவு 10.31

படம் இழுத்தா நல்லதுதானே, பாப்கார்னுக்குக் கொடுத்த காசுக்கு ஏசியிலயாவது உட்காரலாம்.

தாளடி | ஞாயிறு, இரவு 11.55

மன்னார்குடி பையன், இப்ப சென்னையில எடிட்டிங் அசிஸ்டண்ட். வெட்டாறு சார் சொன்ன நம்பர் சரி. ஆனா சராசரி ஷாட் நீளமும் படத்தோட வேகமும் ஒண்ணு இல்ல சார்.

பராசக்தி (1952) கோர்ட் சீனை எடுத்துக்குங்க. சூரக்கோட்டைக்காரர் சிவாஜி பேசுறார், எழுதினவர் திருக்குவளைக்காரர் கலைஞர், ரெண்டும் நம்ம பக்கம். இன்னிக்கு எடுத்தா அந்தப் பேச்சை நாப்பது துண்டா வெட்டியிருப்போம். அன்னிக்கு கேமரா பெருசா அலட்டிக்கல. ஆனா அதை இழுவைன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? வசனத்துல அவ்வளவு ஓட்டம். இப்ப ரெண்டு நொடிக்கு ஒரு கட் வச்சுட்டு, கதை அரை மணி நேரமா அதே இடத்துல நிக்கும். குடமுருட்டி அண்ணனோட அப்பா கட்டைப் பார்த்திருக்கார், பையன் கதையைப் பார்த்திருக்கான். ரெண்டு பேருமே சரி.

கட் ஏன் கூடுச்சுன்னா, எங்க ரூம்லேர்ந்து பார்த்தா காரணம் ரொம்பச் சாதாரணம். ஃபிலிம்ல எடுத்தப்போ அடிக்கு இவ்வளவுன்னு காசு. ஒத்திகை பார்த்துட்டுத்தான் கேமராவை ஓட விடுவாங்க. அப்புறம் மூவியோலாங்கற எடிட்டிங் மெஷின்ல வச்சு, கையால வெட்டி, ஒட்டி, ஓட்டிப் பார்க்கணும். பிடிக்கலன்னா பிரிச்சுத் திரும்ப ஒட்டணும். அதனால வெட்டறதுக்கு முன்னாடியே யோசிச்சாங்க. இப்ப ஒரு சண்டைக்கு மூணு கேமரா ஒண்ணா ஓடும். ஹார்ட் டிஸ்க்குல வந்து குவியறதைப் பார்த்தா களத்துல நெல்லு கொட்டின மாதிரி இருக்கும். அத்தனை கோணமும் கையில இருக்கறப்போ ஒண்ணையே நிறுத்தி வைக்கக் கை வராது. தயாரிப்பாளர் பின்னாடி நின்னு "லேக் அடிக்குதே தம்பி"ன்னு சொன்னா, கதையில கை வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. ஒவ்வொரு ஷாட்டுலயும் அஞ்சு ஃபிரேம் (ஒரு ஃபிரேம்னா ஒரு தனிப் படம்) உருவுவோம். லேக் அப்படியேதான் இருக்கும், கண்ணு மட்டும் வலிக்கும்.

மெஷினை மட்டும் குத்தம் சொல்லல. கம்ப்யூட்டர்ல அவிட்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர் வச்சு எடிட் பண்ணின முதல் இந்தியப் படம்னு மகாநதியைத்தான் (1994) சொல்வாங்க. கதை நம்ம திருநாகேஸ்வரத்துல ஆரம்பிக்கும். அவசர அவசரமா வெட்டின படமா அது?

வெட்டாறு | திங்கள், காலை 6.50

தம்பி, வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் கவனக் குறைவு என்ற என் வாதம் அப்படியே நிற்கிறது. அந்தக் காலத்து ஜனங்கள் மூன்று மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தார்கள்.

ஆபரேட்டர்மகள் | திங்கள், இரவு 8.15

வணக்கம். அப்பா நாப்பது வருஷத்துக்கு மேல தியேட்டர்ல படம் ஓட்டுற ஆபரேட்டரா இருந்தவர். இந்த இழையை வாசிச்சுக் காட்டினேன். "மூன்று மணி நேரம் பொறுமையாக" வந்ததும் சிரிச்சுட்டார். இனி அவர் சொல்ல நான் அடிக்கிறேன்.

"1967-ல வலங்கைமான் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ்ல கைவேலைக்குச் சேர்ந்தேன். கீத்துக் கொட்டகை, ஆத்து மணல் பரப்பின தரை. இருட்டினாத்தான் ஆட்டம். ஒரே மெஷின். ஒரு ஸ்பூல் ஓடி முடிஞ்சா லைட்டைப் போட்டு அடுத்ததை மாட்டணும், மெஷினுக்கு வெளிச்சம் கொடுக்குற கார்பன் குச்சி கரைஞ்சிருந்தா அதையும் மாத்தணும். அதனால ஒரு படத்துக்கு மூணு நாலு இடைவேளை. முறுக்கு, சோடா, பீடி எல்லாம் அதுலதான் விக்கும். ஜனம் பொறுமையாவா இருந்துச்சு? பிள்ளைக்குப் பால் கொடுக்கும், மணலைக் குவிச்சு மேல ஏறி உட்காரும், பின்னாடி இருக்கறவன் கத்துவான், தூங்குறவன் தூங்குவான். அறுப்புக் காலத்துல களத்து வேலை முடிச்சு நேரா வர்றவங்களுக்குப் பாதிப் படம்தான். அதுக்காகவேதான் ஒரே சங்கதியை மூணு பேர்கிட்ட மூணு தடவை சொல்ல வைப்பாங்கன்னு எனக்குத் தோணும். அண்ணன்கிட்ட நடந்ததைத் தங்கச்சி அம்மாகிட்டச் சொல்லும், அம்மா அப்பாகிட்டச் சொல்லும். பீடி குடிச்சுட்டு வந்தவனுக்குக் கதை புரிஞ்சுடும்.

அப்புறம் கும்பகோணத்துல ஒரு தியேட்டருக்கு வந்தேன். அங்க ரெண்டு மெஷின். ஒண்ணு முடியறப்போ திரையில வலது பக்கம் மேல் மூலையில ஒரு புள்ளி வரும். நீங்க பார்த்திருப்பீங்க, என்னன்னு தெரிஞ்சிருக்காது. முதல் புள்ளி வந்தா அடுத்த மெஷின் மோட்டாரைப் போடணும். ஏழெட்டு நொடியில ரெண்டாவது புள்ளி, அதுக்கு மாத்தணும். இதுல ஒரு விஷயம் கவனிச்சேன். ரீல் முடியற இடத்துல முக்கியமான வசனம் பெரும்பாலும் வராது. பாட்டு பாதியில முறியாது. ஏன்னா ரீலோட ஓரம்தான் முதல்ல அடிபடும். ஒவ்வொரு ஊர்லயும் நாலு ஃபிரேம் அறுந்து அறுந்து, எங்ககிட்ட வர்றப்போ ஒரு முழம் போயிருக்கும். அதனால அந்த இடத்துல ஒரு கதவு, ஒரு வானம், ஒரு ஆள் நடந்து போறதுன்னு சும்மா விட்டிருப்பாங்க. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். அப்ப பதினோரு நிமிஷத்துக்கு ஒருக்கா படம் மூச்சு விடும். இப்ப அந்த ஓரம் கிடையாது. டிஜிட்டல்ல புள்ளியும் இல்ல, ஓரமும் இல்ல.

இன்னொண்ணு சொல்லணும், சொல்லலாமான்னு தெரியல. முதல் ஆட்டம் விட்டா ஒன்பதே முக்கால் டவுன் பஸ்தான் கடைசி. படம் நீளமா இருந்தா மூணாவது வாரத்துல ஒரு பாட்டை எடுத்து வச்சுடுவோம். படப் பெட்டி திரும்பப் போறப்போ ஒட்டி அனுப்பணும், அதான் முறை. யாரும் கேட்கல. ஒரே ஒரு அம்மா, அந்தப் பாட்டுக்காகவே மூணாவது தடவை வந்தவங்க, டிக்கெட் கொடுக்குற ஜன்னல் முன்னாடி உட்கார்ந்துட்டாங்க. காசு திருப்பிக் கொடுத்தும் எழுந்திருக்கல. மறுநாள் ஒட்டிட்டோம்."

இவ்வளவுதான். மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டார்.

தாளடி | திங்கள், இரவு 8.40

அக்கா, ஐயா காலைத் தொட்டுக் கும்பிட்டேன்னு சொல்லுங்க. ரீல் ஓரத்துல படம் மூச்சு விடும்ங்கறது எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.

பாட்டை எடுத்து வச்சதுக்கு ஐயா சங்கடப்பட வேணாம். 2024-ல இந்தியன் 2 வந்து சில நாள்லயே 12 நிமிஷம் குறைச்சாங்க. அப்ப ஆபரேட்டர் பண்ணினதை இப்ப கம்பெனியே பண்ணுது. பஸ்ஸுக்காக இல்ல, விமர்சனத்துக்காக.

வெட்டாறு | திங்கள், இரவு 9.30

பெரியவர் என் வாதத்தின் காலை உடைத்துவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நீளத்தையும் வேகத்தையும் ரசனையைவிட வெளிக் காரணங்கள்தான் அதிகம் முடிவு செய்திருக்கின்றன போலும். என் பங்குக்கு இரண்டு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு வரம்பு விதித்தது. நிமிடத்துக்கு 90 அடி என்றால் இரண்டு மணி நேரமும் இரண்டு நிமிடமும். மூன்று தீபாவளி பார்த்த ஹரிதாஸ் (1944) அந்தக் காலத்துப் படம்தான். நம் மாயவரத்து எம்.கே.டி. பாகவதர் பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடியும் படம் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய படம் என்றாலே மூன்று மணி நேரம் என்று நாம் நினைப்பது போருக்குப் பின் திரும்பி வந்த பழக்கம்.

இரண்டாவது, ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக்கின் ரோப் (1948). 80 நிமிடப் படத்தைப் பத்துப் பதினொரு ஷாட்டில் எடுத்தார். ஏன் ஒரே ஷாட்டில் எடுக்கவில்லை? கேமராவில் ஏற்றும் ஃபிலிம் பத்து நிமிடத்துக்குத்தான் வரும். நீளமாக ஓட்டவும் ரீல்தான் எல்லை.

டிகிரிகாப்பி | திங்கள், இரவு 9.36

அப்ப ரீல் பதினோரு நிமிஷம். இப்ப ரீல்ஸ் முப்பது செகண்டு. கேஸ் முடிஞ்சது.

குடமுருட்டி | திங்கள், இரவு 9.41

இந்த ஜோக் வரும்னு நேத்தே எதிர்பார்த்தேன். ஒரு நாள் தாமதம்.

அரிசிலாறு | செவ்வாய், காலை 5.30

நான் கும்பகோணத்தில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். என் தாத்தா நாயனக்காரர். எல்லாரும் படத்தை மட்டும் பேசுகிறீர்கள், கேட்டவர்களின் காதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்து, தெருவில் இறங்கியதும் ராகத்தை எடுத்தால் நாலு வீதி சுற்றி வருவதற்குள் ராத்திரி போய்விடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை அப்படி மணிக்கணக்கில் வாசித்த ஊர்கள் இவை. சாமியே நாயனத்துக்காக நின்று நின்றுதான் போகும். இந்தக் காதோடு கொட்டகைக்குப் போனவர்களுக்கு நாலு நிமிடம் ஒரே முகத்தைக் காட்டினால் அது இழுவையாகத் தெரிந்திருக்காது. அதே தோடி இசைத்தட்டுக்குப் போனபோது சில நிமிடத்தில் அடங்க வேண்டியதாயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சினிமாப் பாட்டு இன்றும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. அந்தத் தட்டை இப்போது எத்தனை வீட்டில் பார்க்க முடியும்? அளவு மட்டும் தங்கிவிட்டது.

அதோடு, மெதுவாகப் போவதெல்லாம் ஒன்றல்ல. பிள்ளைகளுக்கு வர்ணம் சொல்லிக் கொடுக்கும்போது துரித காலத்தில் (வேகமாக) தட்டுத் தடுமாறியாவது ஓடிவிடுவார்கள். சௌக்க காலத்தில்தான் (மெதுவாக) மாட்டிக்கொள்வார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் சுருதி விலகினால் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. உதிரிப்பூக்கள் (1979) கடைசியில் ஊரே சேர்ந்து கொடுமைக்காரக் கதாநாயகனை ஆற்றுக்குக் கூட்டிப் போகும் காட்சி மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒரு இடத்தில்கூடச் சுருதி விலகாது. அதே காலத்தில் வந்த எத்தனையோ படங்கள் மெதுவாக இருந்து, வெறும் இழுவையாகவே போய்ச் சேர்ந்தன. அவற்றை இப்போது யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அதனால்தான் அந்தக் காலமே நன்றாக இருந்ததுபோல் தெரிகிறது.

குடமுருட்டி அண்ணே, தில்லானாவில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதை ஒன்றரை மடங்கில் ஓட்டிய பிள்ளையை ஒரு நாள் இங்கே அனுப்பி வையுங்கள். திட்ட மாட்டேன். தாளம் மட்டும் போடச் சொல்கிறேன்.

தாளடி | செவ்வாய், மதியம் 1.10

அரிசிலாறு அக்கா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். பாட்டு இருந்தா இழுவை, எடுத்துட்டா வேகம்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. அந்த நாள் (1954) பாட்டே இல்லாம வந்துச்சு, விறுவிறுன்னு போகும். அப்ப வசூல் இல்ல. ஜனத்துக்குப் பாட்டு இல்லாதது குறையாப் பட்டிருக்கு. இன்னிக்கு வந்திருந்தா கொண்டாடியிருப்பாங்க.

டெக்னிக்கலா இன்னொரு காரணம். ஸ்டூடியோவுல சத்தத்தோட எடுக்குற கேமரா பெரிய பெட்டி மாதிரி, நகர்த்தவே நாலு பேர் வேணும். அதனால ஆளுங்கதான் கேமரா முன்னாடி வந்து நிப்பாங்க, பேசுவாங்க, போவாங்க. எழுபதுகள்ல தோள்ல வைக்கிற ஆரி கேமராவை வெளியில தூக்கிட்டுப் போய், சத்தத்தை அப்புறம் டப்பிங்ல பார்த்துக்கலாம்னு ஆனதும்தான் வாய்க்கா வரப்பெல்லாம் ஓட முடிஞ்சது. ஜூம் லென்ஸும் அப்பதான் ஒரேடியா வந்துச்சு. வெட்டறதுக்குப் பதிலா ஜூம். அந்தக் காலத்துப் படத்துல முகத்துக்கு நேரா பாய்ஞ்சு பாய்ஞ்சு வருமே, அது பாதி ஸ்டைலு, பாதி ஃபிலிம் மிச்சம் பிடிக்கிறது.

குடமுருட்டி | செவ்வாய், இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. ஆபரேட்டர் ஐயா சொன்னதை அப்பாகிட்ட வாசிச்சேன். ஒன்பதே முக்கால் டவுன் பஸ்ஸுன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா ஊர்லேர்ந்து வந்து கும்பகோணத்துல ஒரு படம் பார்த்தாங்களாம், கூடவே சித்தி, அத்தை, எதிர் வீட்டுக் கிழவின்னு ஏழு பேர். அதுல ஒரு பாட்டு வரவே இல்லன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்களாம். ரேடியோவுல அந்தப் பாட்டு வந்தா, "படத்துல இது கிடையாது"ன்னு அடிச்சுச் சொல்வாங்களாம். அப்பா அதை நம்பினதே இல்ல. இன்னிக்குத்தான் நம்பினார். அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு.

பையனும் கேட்டுட்டிருந்தான். "அப்ப தாத்தா பார்த்த படமே ஸ்கிப் பண்ணின படம்தானே"ன்னான். என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

ஆபரேட்டர்மகள் | புதன், காலை 7.20

இதை அப்பாகிட்ட வாசிச்சதும் எழுந்து பரண்ல ஏறப் பார்த்தார். வேணாம்னு நான் ஏறினேன். ஒரு பிஸ்கட் டின். உள்ள ஒரு சுருள் ஃபிலிம். பெட்டி அனுப்புற அவசரத்துல ஒட்ட மறந்தது, திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு அப்படியே வச்சிட்டாராம். எந்தப் படம்னு சொல்ல மாட்டேங்கறார். டின்னைத் திறந்தா காடி வாடை மூக்கைத் தாக்குது.

பாட்டு இல்ல. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். ஒரு அம்மா கடிதத்தை மடிச்சு இடுப்புல செருகிட்டு, ஜன்னல்கிட்ட நிக்கறாங்க. அவ்வளவுதான். என் தையல் டேப்பால அளந்தேன், பன்னிரண்டு அடி.

தாளடி | புதன், காலை 7.34

அடிக்கு 16 ஃபிரேம். 192. எட்டு நொடி. நடுவுல கட் இருக்கா அக்கா?

ஆபரேட்டர்மகள் | புதன், காலை 7.50

இல்ல. கடைசிப் பக்கம் மேல் மூலையில அந்தப் புள்ளி மட்டும் இருக்கு.

தாளடி | புதன், காலை 7.52

வெயில்ல வைக்காதீங்க. டின்னை இறுக்க மூடாதீங்க, ஃபிலிம் கெடறப்போ வர்ற அந்தக் காடி ஆவி உள்ளயே நின்னா இன்னும் சீக்கிரம் கெடும். பொங்கலுக்கு ஊருக்கு வர்றேன், ஸ்கேன் பண்ணித் தர்றேன். குடமுருட்டி அண்ணே, அம்மா சொன்ன பாட்டு எதுன்னு அப்பாகிட்டக் கேட்டு வைங்க.